மறைப்பும் சான்றும்

இணையவழிப் பணப் பரிமாற்றம் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் அல்கிந்தியின் பெயர் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. வங்கிகளின் இரகசியக் குறிமுறைக்கு ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதிலேயே வித்திட்டவர் அவர் என்று கூறிப் பெருமிதத்தோடு முடித்துவிடுகின்றனர். இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகத்துச் சுவடியிலிருந்து அவருடைய ரிஸாலா 1987இல் திமஷ்கில் பதிப்பிக்கப்பட்டது. அதை வாசித்தவர் அவ்வாறு எழுதத் தயங்குவார்.

அந்நூலின் நோக்கம் மறைப்பதன்று, மறைத்ததை வெளிக்கொணர்வது. அல்கிந்தி அரபி உரையொன்றில் 3,667 எழுத்துகளை எண்ணி, அலிஃப் 600 முறையும் லாம் 437 முறையும் மீம் 320 முறையும் வரக் கண்டார். ஓர் எழுத்துக்குப் பதிலாக எந்தக் குறியை இட்டாலும், அந்த எழுத்து வரும் வீதம் மாறுவதில்லை. எனவே மிகுதியாக வரும் குறியை அலிஃப் என்று கொண்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கலாம். இது பூட்டுச் செய்பவரின் நூலன்று, பூட்டைச் சோதிப்பவரின் நூல். அதன் பெருமையும் அதுவே. இன்றைய குறிமுறைகள் எழுத்தின் வீதம் சிறிதும் வெளித்தெரியாதவாறு அமைக்கப்படுவது, அவர் கண்ட வழியை அடைப்பதற்காகவே.

வணிகத்தில் மறைப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நம் முத்துக்குளித்துறை நன்கறியும். தூத்துக்குடியில் 1961 வரை சலாபம் நடந்தது. மன்னார் வளைகுடாச் சலாபங்களில் முத்து விலை பேசுவோர், துணிக்கடியில் கையோடு கை சேர்த்து, விரல் தொட்டுத் தொகை சொல்வர் என்று நேரில் கண்டோர் எழுதியுள்ளனர். பதினேழாம் நூற்றாண்டில் டவர்னியே இந்திய வைர வணிகரிடம் இத்தகைய வழக்கத்தையே கண்டார்; முழுக்கையைப் பற்றினால் 1,000, ஒரு விரலுக்கு 100. முறை ஊரறிந்தது, அன்று சொல்லப்பட்ட தொகை மட்டுமே இரகசியம். குறிமுறையைப் பகைவன் அறிந்திருந்தாலும் திறவுகோல் மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்று 1883இல் கெர்க்கோஃப்ஸ் வகுத்த விதியும் இதற்கு நெருக்கமானதுதான்.

ஆனால் முத்து நல்லதா என்பதை அந்தத் துணி சொல்லாது. அதற்குத் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகள் இருந்தன. நிறையும் நிறமும் பார்க்கும் கண்கள் இருந்தன. மறைப்பு வேறு, சான்று வேறு. இணையக் கடையின் முகவரியருகே காணும் பூட்டுக்குறி, நாம் அனுப்பும் செய்தியை வழியில் எவரும் படிக்க முடியாது என்றும், எதிரே இருப்பது அந்த முகவரிக்கு உரிய தளமே என்றும்தான் உறுதி கூறுகிறது. அக்கடைக்காரர் நேர்மையானவரா என்பது அதற்குத் தெரியாது. நம் கட்டுரையாளர்கள் இந்த வேறுபாட்டைத் தொடுவதேயில்லை. இது சிறு குறையன்று. பூட்டைக் கண்டதும் பணத்தை அனுப்பிவிடும் வாசகரே இழப்புக்கு உள்ளாகிறார்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். ஏறத்தாழ 20 இலட்சம் டாலர், மூன்று போலி ஆணைகளால் ஸ்விஃப்ட் வழியே வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது. குறிமுறையை உடைத்து எவரும் அதைச் செய்யவில்லை. வங்கியின் கணினிக்குள் புகுந்து, வங்கியின் பெயராலேயே ஆணையிட்டனர்; அனுப்பியவற்றை அச்சிட்டுக் காட்டும் இயந்திரத்தையும் முடக்கி வைத்திருந்தனர். மறைப்பு குறைவின்றி இருந்தது. சாட்சியைத்தான் முதலில் அகற்றினர்.

திருடனே இல்லாத நேர்வும் உண்டு. 1921இல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலிருந்து, 2023 செப்டம்பரில் சென்னை வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் தவறுதலாக வரவாயிற்று; சிறிது நேரத்தில் திரும்ப எடுக்கப்பட்டது. அலைபேசியில் வந்த செய்தியை அந்த ஓட்டுநர் முதலில் மோசடி என்றே எண்ணினாராம். நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த பிறகே நம்பியதாகச் செய்தித்தாள்கள் எழுதின.