கி.ரா. போட்ட வண்டித்தடம்

எழுத வரும் புதியவருக்கு வழிகாட்டுவதும் ஒரு கைப்பக்குவம். கரிசல் மண்ணில் அது எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு (கி.ரா.) வாய்த்திருந்தது.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர். சம்சாரி. இளவயதுச் சிநேகிதர் கு. அழகிரிசாமி முன்னமே எழுத்தில் பேர் வாங்கிவிட்டார்; கி.ரா.வின் 'மாயமான்' கதை 1958இல் ‘சரஸ்வதி’ இதழில் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. தாமதமாக வந்தவர் என்பதாலோ என்னவோ, பின்னால் வருகிறவர்களின் தயக்கம் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. (என் ஊகம்தான்.)

அந்தத் தயக்கத்துக்கு அவர் தந்த மருந்துதான் 1982இல் வந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. காடு, மாடு, விதைப்பு, சமையல், வசவு என்று சனங்களின் வாயில் புழங்கிய சொற்கள் அதில் அச்சேறின. எழுத உட்காரும் பையனுக்கு அது கொடுத்த தைரியம் பெரிது: 'உன் ஆத்தா பேசுகிற பாஷை போதும், எழுது' என்று ஒரு பெரியவர் முதுகில் தட்டினாற்போல. 'கரிசல் கதைகள்' தொகுப்பில் இந்த மண்ணின் எழுத்தாளர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்தார். இலக்கணப் பாடம் நடத்தி யாரையும் மிரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்தப் பாஷை சோடை போகவில்லை. இந்த வறண்ட கரிசல் நிலத்துக்கு வந்த சாகித்ய அகாதமி விருதுகளில் சில: அழகிரிசாமி 1970, கி.ரா. 1991, பூமணி 2014, சோ. தர்மன் 2019.

ஆகவே உங்களிடம் ஒரு பிள்ளை கதை எழுதி எடுத்துவந்தால், பிழை திருத்தும் முன் அவன் ஊர்ச் சொல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.