கரணமும் எல்லையும்: காந்தியடிகளின் ஓர் அதிகாரம்

காந்தியடிகள் இயற்றிய 'தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம்' பெரிதும் வரலாற்று நூலாகவே பயிலப்படுகின்றது. குசராத்தியில் எழுதப்பெற்ற அந்நூலின் ஆங்கில ஆக்கம் வால்சி தேசாயின் மொழிபெயர்ப்பாக 1928 இல் சென்னையில் எசு. கணேசனால் வெளியிடப்பட்டது. மணம் மணமாகாது ஒழிந்த செய்தியைக் கூறும் அதிகாரம் ஒன்று அதன்கண் உண்டு. தொல்காப்பியக் கற்பியல் பயின்றார் அதனைத் தனியே எடுத்து ஆராய்தல் தகும்.

செய்தி வருமாறு. இந்தியாவில் இசுலாமிய முறைப்படி மணந்த பாய் மரியம் என்பார், கேப் மாகாணத்தில் வாழ்ந்த தம் கணவரோடு சேரக் கடல் கடந்து வந்தார். குடிவரவு அதிகாரிகள் தடுத்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1913 மார்ச்சு 14 ஆம் நாள் நீதிபதி சேர்ல் அத்தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தார். ஒருவன் மனைவியர் பலரைக் கொள்ள இடந்தரும் சமயத்தின்வழி நிகழ்ந்த மணம் அந்நாட்டுச் சட்டத்தில் மணம் ஆகாது என்பதே அவர் கொண்ட காரணம்.

இத்தீர்ப்பினைக் காந்தியடிகள் சுருக்கித் தரும் முறை முதற்கண் நோக்கற்பாலது. கிறித்தவச் சடங்குப்படி நிகழ்ந்து பதிவும் பெற்ற மணம் ஒன்றொழிய, இந்து, இசுலாமிய, பார்சி மணங்கள் யாவும் ஒரே எழுத்தில் அழிந்தன என்பது அவர் கருத்து. இது தீர்ப்பின் சொல்லினும் விரிந்தது. பார்சியர்க்கு 1865 ஆம் ஆண்டிலேயே தனி மணச்சட்டம் இந்தியாவில் ஏற்பட்டு, ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணத்தல் குற்றமாக்கப்பட்டது. எனவே சேர்ல் கொண்ட காரணம் அவர்மாட்டுச் செல்லாது. வழக்கறிஞராகிய அடிகள் இதனை அறியாதவர் அல்லர். எனினும் இந்துக்களைப் பற்றிய அளவில் அவர் கூற்றில் மிகை இல்லை. இந்து மணமும் 1955 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பன்மனைவியர்க்கு இடந்தந்ததே. ஆகவே சட்ட உரையாக நோக்குவார்க்கு இவ்வதிகாரம் குறையுடையது. துறைமுகத்தில் நின்ற பெண்ணின் நிலையிலிருந்து நோக்குவார்க்குப் பெரிதும் பிழையற்றது.

அதே ஆண்டு சூனில் நிறைவேறிய குடிவரவுச் சட்டத்தைப் பார்ப்போம். வெளிநாட்டில் எச்சமயச் சடங்கின்படி நிகழ்ந்ததாயினும் ஒருமனைவி மணமாயின் அம்மனைவி நுழையலாம் என்று அது கூறிற்று. மேலோட்டமாகப் படிப்பார் இதனை நல்ல தீர்வு என்றே எண்ணுவர். இடர் 'ஒருமனைவி மணம்' என்னும் தொடரின்கண் உள்ளது. ஒருத்தியையே மணந்து ஒருத்தியோடே வாழ்பவன் மணம் ஒருமனைவி மணமா? அன்றி, அவன் சமயம் பிறிதொருத்தியை மணக்க இடந்தருதலின் பன்மனைவி மணமா? முன்னது நிகழ்ச்சி பற்றியது. பின்னது முறைமை பற்றியது. ஆட்சியாளர் பின்னதனையே கொண்டனர். கணவன் செய்யாத ஒன்று, செய்யக்கூடும் என்ற அளவில், மனைவியின் நிலையைக் கெடுத்தது. ஒரு சொற்றொடரின் பொருள்கோள் இத்துணைக் குடும்பங்களைப் பிரிக்கவல்லது என்பதை உரையாசிரியர்களின் பூசல்களில் பழகிய நாம் எளிதில் உணர்வோம்.

ஈண்டுக் கற்பியலை நினைதல் பொருந்தும். பண்டை அகவிலக்கணத்தைக் குடிவரவுச் சட்டத்தோடு உறழ்தல் இடர்மிக்க செயலே. கருத்து ஒன்றற்காக மட்டுமே ஒப்பிடுகின்றேன். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே கரணம் வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியர் காரணம் காட்டுவர். தலைவியைக் கூடியவன் பின்னர் மறுத்துரைத்தல் கூடாதென்று அவனைப் பிணிப்பது கரணம். உடன்போக்கில் ஊரெல்லை கடந்து, கொடுத்தற்குரியோர் இலராய வழியும் கரணம் நிகழ்தலை அவர் உடன்படுவர். எல்லை கடத்தல் அங்கே உறவை அழிக்கவில்லை. கேப் வழக்கிலோ மறுத்தவன் தலைவன் அல்லன். இவள் என் மனைவி என்று நீதிமன்றம் ஏறியவன் அவனே. பொய் கூறினார் எவரும் இலர். வழு நிகழ்ந்ததும் இல்லை. பெண்ணைக் காத்தற்கு எழுந்த கரணம், அரசின் கையில் அவளைத் தடுக்கும் கருவியாயிற்று.

தீர்ப்பின் விளைவாகப் பெண்டிர் போராட்டத்தில் இறங்கினர். தால்சுதாய்ப் பண்ணையில் முன்பு வாழ்ந்த பதினொரு பெண்டிரை அடிகள் பட்டியலிடுகின்றார். ஒருவர் ஒழிய ஏனையோர் தமிழர். திரான்சுவாலினின்றும் இசைவின்றி நேட்டால் எல்லை கடந்து, நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்துச் சிறைபுக்கவர் இவர். இப்பட்டியலை ஆய்வாளர் போதிய அளவு கருதவில்லை என்பது என் எண்ணம். மணமான ஒன்பதின்மரும் தம்பி நாயுடுவின் மனைவியார், பெருமாள் நாயுடுவின் மனைவியார் என்றாங்குக் கணவர் பெயராலேயே சுட்டப்படுகின்றனர். மணமாகாத இருவர்க்கே தம் பெயர் உண்டு. நீதிமன்றம் எவ்வுறவை இல்லை என்றதோ அவ்வுறவொன்றாலேயே அவர்களை அறிகின்றோம். இது அக்கால எழுத்து வழக்கமே. அடிகள் கருதிச் செய்த அணி அன்று. ஆயினும் வாதங்கள் பலவற்றினும் வலிய மறுப்பாக அது அமைந்துவிட்டது. அதற்கு ஈடாக நாம் இழந்தவை ஒன்பது பெண்களின் பெயர்கள்.

1914 ஆம் ஆண்டு இந்தியர் துயர் தணிப்புச் சட்டம் பொருள்கோளைத் திருத்திற்று. சமயம் பன்மனைவியர்க்கு இடந்தரினும், உண்மையில் ஒருத்தியே மனைவியாயின் அம்மணம் பதிவு பெறலாம். அவளும் அவள் இளஞ்சிறாரும் நாட்டினுள் வரலாம். நிகழ்ச்சி முறைமையை வென்றது. அதற்கெனச் சிறைசென்ற வள்ளியம்மை அவ்வாண்டு பிப்பிரவரி 22 இலேயே இறந்துபட்டார்.

எனினும் இவ்வெற்றியை முழுமையானதென்று எழுதும் வழக்கத்தை யான் உடன்படேன். மனைவியர் காமக்கிழத்தியராக இழிக்கப்பட்டனர், அவர் மக்கள் உரிமை இழந்தனர் என்று அதிகாரம் வருந்துகின்றது. அவ்விழிவு 1914 க்குப் பின்னும் இரண்டாம் மனைவியைவிட்டு நீங்கிற்றில்லை. இசுலாமிய மணங்களை ஏலாத மணச்சட்டமும் மணமுறிவுச் சட்டமும் அரசியலமைப்பிற்கு முரண் என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது 2022 சூன் 28 இல். பாய் மரியம் வழக்கிற்கு 109 ஆண்டுகள் கழித்து.