எந்தத் தெரு?

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பாட்டி பிரியமாகக் கேட்டார்: "ஐயாவுக்கு எந்த ஊரு?" "சுனாபட்டி" என்றேன். சயானுக்குக் கிழக்கே, ஹார்பர் லைனில், ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாசல்கள் இருந்ததால் அந்தப் பெயர் பெற்ற இடம். "அது இருக்கட்டும், சொந்த ஊரு?" திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" இரண்டு கோடை விடுமுறைக்கு மட்டுமே போயிருந்த ஊர் அது. ஓடையைத் தாண்டி, ஒரு பெரிய புளியமரம், அதற்குப் பிறகு என்று உற்சாகமாக வழி சொல்ல ஆரம்பித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். பாட்டி இலையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

அந்தக் கிள்ளலின் பொருளைக் கதைப் புத்தகங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. அதனால் தமிழில் சிறுவர்களை நடுவில் வைத்து எழுதப்பட்ட கதைகளை எப்போது எடுத்தாலும் முதலில் ஒன்றைத் தேடுவேன். இந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து உலகத்தைப் பார்க்கிறது?

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறா'ரில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பணக்கார வீட்டு ராமசாமியும் யாரிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போடுகிறார்கள். தீபாவளியன்று ராமசாமியின் வீட்டுக்கு வந்த ராஜா அவனுடைய அக்காளின் கணவர். இவர்கள் வீட்டுக்கு வந்த ராஜா அனாதைப் பையன், உடம்பெல்லாம் சிரங்கு. அவனைக் குளிப்பாட்டிச் சோறு போட்ட வீட்டுப் பெண்குழந்தை, ராமசாமியிடம் தங்கள் ராஜாவைப் பற்றிக் கொஞ்சமும் கூசாமல் சொல்கிறாள். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' ஒரு ரயில் பயணம். கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் சிறுமியின் கையில், தான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆரஞ்சைப் பையன் கொடுக்கிறான். இரண்டும் எனக்கு உயிரான கதைகள். ஆனாலும் 'சிலிர்ப்'பை நாம் கொடுக்கிற பையனின் அப்பாவுடைய கண்ணால் பார்க்கிறோம். சிலிர்ப்பு அவருக்கு. பழத்தை வாங்கிக்கொண்ட சிறுமி வேலைக்குப் போய்ச் சேருகிறாள். அவளுக்கு அந்தப் பழம் என்னவாக இருந்தது என்பது வேறொரு கதை.

கி. ராஜநாராயணன் தன் 'கத'வில் இந்தத் தூரத்தைக் கடந்துவிட்டார். தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதற்குமுன் அந்தக் கதவுதான் பிள்ளைகளுக்கு வண்டி, ஏறி நின்று ஆட்டுகிற விளையாட்டு. கதவில்லாத வீட்டில் குளிர் புகுந்து கைக்குழந்தை போய்விடுகிறது. பிறகு கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தக் கதவைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறார்கள். அரசு, வரி, வறுமை என்ற சொற்கள் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. கதவைத் தெரியும்.

அமெரிக்காவில் இந்த வகைக்குப் பேர்போன நாவல் 1960இல் வந்த ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. வெள்ளை வக்கீலின் மகள் ஸ்கவுட், கறுப்பர் டாம் ராபின்சனுக்கு நடக்கும் அநியாயத்தைப் பார்த்துப் பார்த்து வளர்கிறாள். அதில் ஓர் இடம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டாம் இறந்த செய்தியைச் சொல்ல வக்கீல் அவருடைய வீட்டுக்குப் போகிறார். வாசலில் ஒரு சின்னப் பெண்குழந்தை. வக்கீல் தன் விரலை நீட்டுகிறார், அது பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான், நாவல் ஸ்கவுட்டின் தெருவுக்குத் திரும்பிவிடுகிறது. விரலைப் பிடித்த அந்தக் குழந்தை எப்படி வளர்ந்தது?

அந்தக் குழந்தையின் பக்கத்திலிருந்து தமிழில் எழுதியவர் பாமா. 1992இல் வந்த 'கருக்கு' தன்வரலாறும் நாவலும் கலந்த புத்தகம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு எடுத்துப் போகிறார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலம் மேல்சாதிக்காரருக்கு என்றும், இவர்கள் கை பட்டால் தீட்டு என்றும் சொல்கிறான்.

தமிழ் உரைநடையில் ஒரு குழந்தைப் பருவம் இதைவிடக் குறைந்த வரிகளில் முடிந்துபோனதாக நான் படித்ததில்லை. பாமா அந்தச் சிரிப்பை மறைக்காமல் வைத்ததில்தான் அதன் வலி இருக்கிறது. சிறுமி தன்னையறியாமல் சிரித்தது தன் தெருப் பெரியவரைப் பார்த்து. தெருவின் பொருள் தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பு அவளுக்கே திரும்பி வருகிறது. ஸ்கவுட்டுக்குத் தெரிந்துகொள்ளும் துயரம் உண்டு. பாமாவின் சிறுமிக்கு அதோடு தன் சிரிப்பை நினைத்துக் கூசுகிற துயரமும் சேர்ந்துகொள்கிறது. வெகுளித்தனம் எல்லாக் குழந்தைக்கும் ஒரே நீளத்தில் அளந்து கொடுக்கப்படுவதில்லை.

'கருக்'குக்கு முன்னும் பின்னும் இந்த வரிசை நீள்கிறது. பூமணியின் 'வெக்கை' (1982) தொடங்கும்போதே பதினைந்து வயதுச் சிதம்பரம் கொலை செய்துவிட்டான். பிறகு அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து அலையும் நாட்களில், அவன் பாதி ஆளாகவும் பாதிப் பையனாகவும் இருப்பதைப் பூமணி சோறு, பசி, தூக்கம் வழியாகவே காட்டிவிடுகிறார். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) பண்ணையத்துக்கு விடப்பட்ட சக்கிலியச் சிறுவன் கூளையனின் கதை. ஆடு மேய்க்கும் வெளியில் கவுண்டர் மகன் செல்வனும் அவனும் சேர்ந்து விளையாடுகிறார்கள், ஆனால் விளையாட்டை எப்போது நிறுத்துவது என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கு மட்டும் இருக்கிறது. இமையத்தின் 'செட'லில் (2006) சாமிக்குப் பொட்டுக்கட்டி விடப்படுகிறவள் விவரம் தெரியாத சிறுமி. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'த்தை (2002) மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் அவமானத்தோடு கிண்டலும் சேர்ந்தே வளர்கிறது.

எதிர்ப்பக்கத்துப் பையனைப் பற்றிய நேர்மையான நாவல் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன், தமிழ் பேசும் வீட்டுப் பையன், கிரிக்கெட் பைத்தியம். நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில் பக்கத்து வீட்டு முஸ்லிம்கள் அவன் மனத்தில் மெல்ல மெல்ல 'அவர்கள்' ஆகிறார்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்ததும் காற்று திசை மாறுகிறது. ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் அவன் புகுந்துவிட, அங்குள்ள சின்னப்பெண் தன் குடும்பத்தை விட்டுவிடும்படி தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் அருவருத்து ஓடுகிறான், தன்னிடமிருந்தே. தன் பக்கம் ஜெயித்த நாளில் ஒரு பையன் பெரியவனாவதை இப்படி எழுத அசாத்தியமான துணிவு வேண்டும். வெளியூரில் சிறுபான்மையாக வாழும் தமிழர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய புத்தகம் இது. 1966இல் சிவசேனை தொடங்கியபின் 'மதராஸி' என்று ஏச்சுப்பட்ட நம் தாத்தாக்களே, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தாராவியும் அந்தப் பக்கம் மாட்டுங்காவுமாகத் தங்களுக்குள் தெரு பிரித்துத்தான் வைத்திருந்தார்கள்.

மும்பையில் வாழும் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' தெருவை உடம்புக்குள்ளேயே கொண்டுவருகிறது. பதின்மூன்று வயதுக் கறுப்பு நிறச் சிறுமி பூப்படைகிறாள். தேவதையாக நினைத்திருந்த அம்மாவின் ஒரு வார்த்தை, அவளைக் குழந்தை உலகத்திலிருந்து தள்ளிவிடுகிறது. பாரபட்சம் அன்பானவர்களின் வாய் வழியாகவே குழந்தைக்கு வந்து சேருகிறது என்பதை இந்தச் சிறுகதை அளவுக்குக் கூர்மையாக எந்த நாவலும் எனக்குச் சொன்னதில்லை.

மும்பையைத் தமிழ் நாவலுக்குள் ஆழமாகக் கொண்டுவந்த நாஞ்சில் நாடனின் ஆட்கள் வாலிபர்களாக இங்கே வந்து இறங்குகிறவர்கள். 'மிதவை'யின் சண்முகம் வேலை தேடி வருகிறான். 'எட்டுத் திக்கும் மதயா'னையின் பூதலிங்கம் வைக்கோல்படப்புக்குத் தீ வைத்துவிட்டு ஊரை விட்டு ஓடிவந்தவன். ஊர் அவர்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இங்கேயே பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, இந்தியில் கனவு கண்டு மராத்தியில் சண்டை போடும் பிள்ளைக்கு ஊர் எப்படி வந்து சேருகிறது? அந்த நாவலை எங்கள் தெருக்காரர் ஒருவர் எழுத வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

மராத்தியில் அதற்கு முன்னோடிகள் உண்டு. தயா பவாரின் 'பலுதா' (1978) கிராமத்துக்கும் மும்பையின் காவாகானா பகுதிக்கும் நடுவே கிழிபடும் ஒரு மகார் சாதிச் சிறுவனின் வாழ்க்கை. அதற்கும் முன்பே எழுதியவர் பாபுராவ் பாகுல். பத்து வயதில் மும்பைக்கு வந்து, தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்தவர். எங்கள் ஆட்கள் நடந்துபோகிற தூரம். 1963இல் வெளியான அவருடைய தொகுதியின் தலைப்புக் கதையில், ரயில்வே வேலைக்கு வெளியூர் போகும் இளைஞன் சாதியைச் சொல்லாமல் மறைத்து, பிறகு பிடிபட்டு அடிபடுகிறான். 'ஜெவ்ஹா மீ ஜாத் சோர்லி ஹோதி'. சோர்லி என்றால் திருடினேன் என்று பொருள். யாரிடமிருந்தும் எதையும் எடுக்காத ஒருவன், தன் சாதியைச் சொல்லாமல் விட்டதற்குத் திருடன் ஆகிறான்.

அந்தத் தலைப்பை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு அந்தக் கல்யாண நாள்தான் ஞாபகம் வந்தது. சாப்பிட்டு முடித்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏன் கிள்ளினாய் என்று கேட்டேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே யாரு கேட்டாலும் சொந்த ஊரே பம்பாய்தான்னு சொல்லு. தெரு ஞாபகமில்லன்னு சொல்லிரு." எனக்கு அந்தப் புளியமரம்கூட நன்றாக ஞாபகமிருந்தது.