பார்க்காமல் போட்ட மார்க்கு

இன்று தர்மபுரி என்று வழங்கும் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, மலைகளைத் தாண்டித் தன்னை நாடி வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு அந்த மறுப்புதான். பரிசு குறைவு என்று அவர் சண்டை பிடிக்கவில்லை. தம் தரத்தை அறிந்து தினையளவு கொடுத்திருந்தாலும் போதும் என்கிறார். பரிசளிப்பைப் பற்றி இதைவிடக் கறாரான விமரிசனம் நம் இலக்கியத்தில் நான் படித்ததில்லை.

வீடியோ கேமில் லெவல் அமைக்கும் போட்டிகளைக் கவனிக்கும்போது எனக்கு அந்தப் புலவர் நினைவுதான் வருகிறது. லெவல் என்பது ஆடுகிறவன் கடந்துபோக வேண்டிய ஒரு கட்டம். கதைப் போட்டி நடுவர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். (தப்பித்துக்கொள்கிறவர்கள் உண்டு.) இங்கே அதுவும் நடக்காது. மூன்றாவது திருப்பத்தில் ஒளித்துவைத்த வேடிக்கை, இரண்டாவது திருப்பத்துக் குழியிலேயே விழுந்துவிட்ட நடுவருக்குத் தெரியவே தெரியாது. மார்க்கு என்னவோ முழுக் கட்டத்துக்கும் விழுந்துவிடுகிறது.

ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கோணம், குறுக்கே சில கோடுகள், 23 சந்திகள். பார்வைக்கு ஒன்றுமில்லை. 3 புலிகளை வைத்துக்கொண்டு ஒரு தரம், 15 ஆடுகளை வைத்துக்கொண்டு ஒரு தரம் ஆடினால்தான் அந்தக் கோடுகளின் சூது புரியும். கண்ணுக்கு அழகாயிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற நடுவர் இதற்கு எத்தனை மார்க்குப் போடுவார்?

2002ல் தொடங்கிய லூடம் டேர் போட்டியில், கேம் செய்தவர்களே ஒருவர் செய்ததை மற்றவர் ஆடிப்பார்த்து மார்க்குப் போட்டார்கள். 20 பேராவது போட்டால்தான் வரிசையில் இடம் என்று பிற்பாடு விதி செய்தார்கள். நல்ல விதிதான், ஓரிருவரின் கோபதாபம் அதில் கரைந்துபோகும். ஆனால் அந்த 20 பேரும் பாதியில் எழுந்துபோனவர்களாயிருந்தால்?

எழுத்தாலேயே ஆடும் கேம்களுக்கென்று 1995 முதல் நடக்கும் ஐஎஃப்காம்ப் போட்டி இந்தச் சங்கடத்தை மூடி மறைப்பதில்லை. முதல் 2 மணி நேரம் ஆடியதைக் கொண்டே 1 முதல் 10 வரை மார்க்குப் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சரக்கை அதற்குள் அடக்குவதும் அடக்காததும் செய்கிறவன் இஷ்டம்.

எல்லாப் போட்டியிலும் மார்க்குக்குப் பக்கத்தில் நடுவர் இன்னும் ஒரு வரி எழுதட்டும் என்பேன்: எதுவரை போனேன், எங்கே விட்டேன். தோற்றவனுக்கு அந்த வரி கிடைத்தால், அடுத்த தடவை குழியை எங்கே வெட்டுவதென்றாவது தெரியும்.