மூவிராசாக்கள் வந்த வழி

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அன்பரொருவர் எங்கள் ஊர்க் கோவிலின் பாலன் குடிலைப் பார்த்துவிட்டு, "எல்லாம் எங்கள் கரையிலிருந்து கப்பலேறி வந்த சரக்குத்தானே, ஐயா!" என்று சிரித்தார். விருந்தினரோடு வாதாடுவது மரியாதையன்று என்பதனால் அன்று வாளாவிருந்தேன்.

சரித்திரத்தை மறுப்பதற்கில்லை. முத்துக்குளித்துறையில் வேதம் போதித்துக்கொண்டிருந்த சவேரியார் அனுப்பிய குருவே மன்னாரில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதும், அவ்வாறு மனந்திரும்பியோர் 1544இல் சங்கிலி மன்னனின் வாளுக்கு இரையாயினர் என்பதும் எங்கள் பிள்ளைகளும் அறிந்த செய்தி. வித்து அவர்களுடையதென்றே வைத்துக்கொள்வோம், விளைச்சல் யாருடையது?

அக்கரையில் திருக்காட்சித் திருநாள் என்று வழங்கும் அந்நாளில், கிறிஸ்துமஸ் முதற்கொண்டு எட்டத்தில் நின்ற மூன்று சுரூபங்களையும் தொட்டிலருகே நகர்த்தி வைத்து, பூசை கண்டு வீடு திரும்புவார்களாம். நத்தார் கழிந்தபின் நாங்களும் அதையே செய்கிறோம். இதில் ஏற்றத்தாழ்வு பேச இடமில்லை. மலையாளத்துச் சுரியானியார் ராக்குளி என்றும் பிண்டிப் பெருநாள் என்றும் கொண்டாடுவதோ, வாழைத்தண்டை நட்டு அதில் தீபங்களை ஏற்றி வைக்கும் அழகான வழக்கம். ஆயினும் அங்கே அன்று முதலிடம் யோர்தான் நதியில் ஆண்டவர் பெற்ற ஞானஸ்நானத்துக்கே. கோவாவில் சிறுவர்களுக்கு ராஜ உடை அணிவித்துக் குதிரையேற்றி அனுப்புகிறார்கள் என்று படித்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

எங்கள் மாதோட்டத்திலோ ராசாக்கள் பாடுவார்கள். சு. வித்தியானந்தன் அவர்கள் 1966இல் பதிப்பித்த மூவிராசாக்கள் நாடகத்தைப் படித்தவர்கள் அதன் சொல்லை மட்டும் அறிவார்கள். அண்ணாவியாரின் மத்தளம் அதிர, கட்டியகாரன் கூறிவிட்டுப் போன களரியிலே, கண்ணாடித் துண்டுகள் பதித்த முடியும் புஜக்கிரீடமும் விளக்கொளியில் மினுங்க, வரவுத் தருவை எடுத்துக்கொண்டு ஓர் அரசன் அடிவைத்து வருவதையும், பகலெல்லாம் வலை இழுத்துக் காய்ப்புப் பிடித்த அவனுடைய கை செங்கோலைப் பற்றியிருக்கும் மிடுக்கையும் கண்டவர்களுக்கே அதன் சுவை விளங்கும். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று மெட்டிலும் ஆட்டத்திலும் நாங்கள் எங்களுக்குள்ளேயே கட்சி பிரிந்து சண்டையிடுவதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கறையில்லாத பொருளைப் பற்றி யாரும் சண்டையிடுவதில்லை.

இன்னொன்று: குடிலிலே ஏரோதனுக்கு இடமில்லை. அவனில்லாமல் அந்த ஞானிகள் வேறு வழியாய்த் தங்கள் தேசத்துக்குத் திரும்பிப் போனதற்குக் காரணமேது, பெத்லகேம் பாலகர் சிந்திய இரத்தத்துக்குத்தான் காரணமேது? எங்கள் களரியில் அவன் உறுமிக்கொண்டு வருகையில், பாயிலே உறங்கிப்போன குழந்தைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவார்கள். சுரூபம் வந்து சேர்ந்ததை மாத்திரம் காட்டும். கூத்தோ வந்த வழியையும் அவ்வழியிலிருந்த அபாயத்தையும் காட்டும். அக்கரைக் கடலோரத்திலும் வாசாப்பு ஆடுவதுண்டு என்று அன்பர் சொல்லக்கூடும், ஆடட்டும், மகிழ்ச்சியே.

அம்மூவரில் ஒருவர் இலங்கையை ஆண்ட வேந்தர் என்றொரு கதை போர்த்துக்கேயர் காலந்தொட்டு வழங்கிவருகிறது. இதைக் கேட்டால் அன்பர் ஆதாரம் கேட்பார் என்பது திண்ணம். மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை அவரே திறந்து பார்க்கட்டும்: கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள், பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் வைத்தார்கள் என்பதல்லாமல், அவர்கள் மூவர் என்றோ, முடிசூடியவர்கள் என்றோ, கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயரினர் என்றோ அங்கே ஓரெழுத்தும் இல்லை. இத்தனையும் பின்வந்தோர் பக்தியினால் சேர்த்துக்கொண்டவை என்றால், மன்னார்க் கடலோரத்தார் தங்கள் பங்குக்கு ஓர் அரசனைச் சேர்த்துக்கொண்டதில் மட்டும் என்ன குற்றம்?