ஹாட்ஃபீல்டு மாளிகையின் மைந்தர்கள்

குலத்தால் வருவதா கூர்மதி? இந்தக் கேள்வியை மனத்திலே கொண்டுதான், டேவிட் சிசில் பிரபு 1973-இல் வெளியிட்ட 'ஹாட்ஃபீல்டு மாளிகையின் சிசில்கள்' என்னும் குடும்ப வரலாற்றை நாம் கையிலெடுத்தோம். ஆசிரியர் அக்குடும்பத்துப் பிள்ளை. ஆக்ஸ்போர்டிலே ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். நடையிலே நயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் துணைத் தலைப்பைப் பாருங்கள்: ஆங்கில 'ஆளும் குடும்பம்' ஒன்றின் சித்திரமாம்! ஆளவே பிறந்தனரோ? நல்லது, கணக்குப் பார்ப்போம்.

முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதல் தாம் இறந்த 1598 வரை அரசியின் வலக்கரமாக நின்றவர் வில்லியம் சிசில். மகன் இராபர்ட், முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏற வழிசெய்தார், ஹாட்ஃபீல்டு மாளிகையை எழுப்பினார், 1612-இல் மறைந்தார். இருவரும் உழைப்பாளிகள், மதியூகிகள், ஐயமில்லை. பிறகு? ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு! பட்டம் இருந்தது, பண்ணை இருந்தது, அரண்மனைப் பதவிகளும் வந்தன. அவ்விருவரோடு நிறுத்திப் பார்க்கத்தக்க ஒருவர் வரவில்லை. குருதியிலே ஓடுவதாகச் சொல்லப்படும் அறிவு அத்தனை காலம் எங்கே உறங்கிற்று? சொத்து மட்டும் ஒரு நாளும் உறங்கவில்லையே!

பின்னர் வந்தார், மூன்று முறை பிரதமரான மூன்றாம் சால்ஸ்பரி பிரபு. கூரிய மதியினர்தான். 1866 ஜூலையில், கிரான்போர்ன் பிரபு என்ற பெயரோடு, இந்தியா மந்திரியானார். ஒரிசாவிலோ பஞ்சம்! இரண்டு மாதம் வாளாவிருந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டு வருந்தினார். அந்த வருத்தம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. மாண்டவர் ஏறத்தாழப் பத்து இலட்சம். அதே மனிதர், நகரத் தொழிலாளருக்கு வாக்குரிமை தரும் மசோதா எழுந்ததும், 1867 மார்ச்சில் பதவியையே உதறினார். பட்டினிக்கு அசையாத கை, ஓட்டுச் சீட்டைக் கண்டதும் அசைந்தது!

1900-இல் அவர் அமைத்த ஆட்சியிலே மருமகன்மார், மாப்பிள்ளை, மூத்த மகன் என உறவினர் நிறைந்தனர். இலண்டனின் பெரிய விடுதியொன்றின் பெயரால், 'ஓட்டல் சிசில்' என்று அந்நாட்டாரே நகைத்தனர். 1902-இல் மாமன் இறங்க, சகோதரியின் மகன் பால்ஃபோர் பிரதமரானார்!

அவர் மகனொருவர், இன்னொரு இராபர்ட், உலக நாடுகளின் சங்கத்துக்காகப் பாடுபட்டு 1937-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். போற்றுகிறோம், பாடுபட்டதற்காக, பிறந்ததற்காக அல்ல.

மீண்டும் தந்தையிடம் வருவோம். 1886-இல் ஹோல்போர்ன் தொகுதியிலே தாதாபாய் நௌரோஜி தோற்றார். 1888-இல் எடின்பரோவிலே பேசிய பிரதமர் சால்ஸ்பரி, ஆங்கிலத் தொகுதியொன்று 'கறுப்பு மனிதரை'த் தேர்ந்தெடுக்கும் காலம் வரவில்லை என்றார். 1892-இல் மத்திய ஃபின்ஸ்பரி வாக்காளர்கள் நௌரோஜியைக் காமன்ஸ் சபைக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், அந்தச் சபையிலே தோற்று, சால்ஸ்பரி பிரதமர் நாற்காலியை விட்டு இறங்கினார்.