தேம்பாவணித் தலைவனும் மெய்யேற்ற இறைவனும்

வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியமாகும். இறைவன் மனிதனாகப் பிறந்தான் என்னும் கிறித்தவக் கொள்கையை நிலைக்களனாகக் கொண்டு எழுந்தது இந்நூல். ஆயினும், இதன் பாட்டுடைத் தலைவர் அங்ஙனம் பிறந்த இயேசுபெருமான் அல்லர். அவரை வளர்த்த சூசையே ஆவர். சூசை என்னும் எபிரேயப் பெயர் பெருக்கம் என்னும் பொருளுடையது. அப்பொருள் தோன்ற ‘வளன்’ எனத் தமிழ்ப்பெயர் சூட்டினார் முனிவர்.

காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாய் இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். அவ்விலக்கணத்தை நன்கறிந்த புலவர், நிகரில்லாத இறைமகனை விடுத்து, அவரைத் தோளிற் சுமந்த ஒருவரைத் தலைவராக்கியது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேம்பாவணி கம்பனைப் பின்பற்றி எழுந்ததொரு கிறித்தவக் காப்பியம் என்ற அளவில் அமைவார் பலர். அம்மதிப்பீடு முழுதும் பொருந்துமா என்பதும் இவ்விடையைப் பொறுத்தே அமையும்.

வழங்கிவரும் விடைகள்

இவ்வினாவிற்கு இரண்டு விடைகள் கூறப்பெறுவதுண்டு. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது முனிவரின் இயற்பெயர் ஆதலின், தம் பெயர்க்குரிய புனிதரைப் பாடினார் என்பது ஒன்று. ஸ்பெயின் நாட்டுத் துறவியாகிய ஆகிரெதா மரியாள் (1602–1665) எழுதிய நூலை முனிவர் முதனூலாகக் கொண்டமையால், அதன் வழி இத்தலைவர் அமைந்தார் என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் நிறைவான விடைகள் அல்ல. பெயர்ப்பற்று ஓர் அந்தாதியையோ கலம்பகத்தையோ தோற்றுவிக்கலாம். அன்னை மரியாள்மீது கொண்ட பற்றினைத் திருக்காவலூர்க் கலம்பகத்தில் பாடியவரே முனிவர். மூவாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களாலான காப்பியத்தின் அமைப்பினைப் பெயர்ப்பற்று ஒன்றே முடிவுசெய்தது எனல் பொருந்தாது. முதனூல் பற்றிய விடையோ தனக்குத்தானே முரண்படுகிறது. ஆகிரெதா மரியாளின் நூல் அன்னை மரியாளின் வாழ்க்கை வரலாறு. அதன் தலைவி மரியாளே. அந்நூலின் செய்திகளை ஏற்ற முனிவர், அதன் தலைமையை மட்டும் மாற்றியுள்ளார். முதனூலை எடுத்துக்காட்டுவது இம்மாற்றத்தை விளக்காது. விளக்கப்பட வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு என்பதையே காட்டும்.

நற்செய்தி நூல்களை நோக்கின் இவ்வியப்பு மேலும் மிகும். நான்கு நற்செய்திகளிலும் சூசை கூறியதாக ஒரு சொல்லேனும் இல்லை. பேசாத ஒருவரைப் பெருங்காப்பியத் தலைவராக்குதல் எளிதன்று. அதனை விரும்பி மேற்கொண்டமைக்கு நூலின் பொருளிலேயே காரணம் இருத்தல் வேண்டும்.

இறங்குதலும் ஊனாதலும்

ஈண்டுக் கொள்கையினைச் சிறிது தெளிந்துகொள்ளல் நலம். அவதாரம் என்னும் வடசொல்லின் அடிப்பொருள் ‘கீழே இறங்குதல்’ என்பது. இலத்தீன் மொழியில் கிறித்தவர் வழங்கும் சொல்லின் அடிப்பொருளோ ‘ஊனில் ஆதல்’ என்பதாம். முன்னது வந்த வழியைச் சொல்கிறது. பின்னது வந்து அடைந்த நிலையைச் சொல்கிறது. கீதையின் கொள்கைப்படி, அறம் குன்றுந்தோறும் இறைவன் யுகந்தோறும் தோன்றுவான். தீயோரை அழித்தல் அத்தோற்றத்தின் பயன்களுள் ஒன்று. கிறித்தவர் கூறும் பிறப்போ ஒரே முறை நிகழ்ந்தது, மீண்டும் நிகழாதது.

இயேசுவின் உடல் வெறுந் தோற்றமே என்று கூறிய குழுவினர் கிறித்தவத்தின் தொடக்கக் காலத்திலேயே இருந்தனர். தூய இறைவன் பசியும் நோவும் உடைய ஊனுடலில் உண்மையாகவே புகுந்தான் என்பதை அவர்தம் உள்ளம் ஏற்கவில்லை. 325-இல் கூடிய நிசேயாச் சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருள் என முடிவு கூறியது. 431-இல் எபேசுச் சங்கம் மரியாளை ‘இறைவனைப் பெற்றவர்’ என்று அழைத்தலை உறுதிசெய்தது. 451-இல் கால்செதோன் சங்கம், இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும் திரியாமலும் பிரியாமலும் ஒருவரிடத்தே நிற்கும் என வரையறுத்தது. இறைமை குறைந்தாலும் கொள்கை கெடும். மனிதத் தன்மை பொய்யானாலும் கொள்கை கெடும்.

தமிழ் மரபிற்கு இவ்வினா புதியதன்று. சிவபெருமான் பிறப்பிலி ஆதலின் அவர்மீது பிள்ளைத்தமிழ் பாடும் வழக்கம் இல்லை. மீனாட்சியம்மைமீதும் முத்துக்குமாரசுவாமிமீதும் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரும் இவ்வரம்பினைக் கடந்திலர். யார் பிறந்தார், யார் பிறவாதவர் என்னும் சமயக் கொள்கை ஓர் இலக்கிய வகையின் எல்லையையே வரையறுத்திருக்கிறது. மேலும், உடலுக்கும் உண்மைக்கும் ‘மெய்’ என ஒரே சொல்லை வழங்கும் மொழி தமிழ். உடல் வெறுந்தோற்றம் என்பார் கூற்றினைத் தமிழிற் சொல்லப்புகின் ‘மெய் பொய்’ என்று முரண்படக் கூறவேண்டி வரும். முனிவர் நூல் செய்யப் புகுந்த மொழி இத்தகையது.

ஐயமே சான்று

இனிக் காப்பியத்துள் நுழைவோம். வளனின் மணத்திற்குப் பின்னர் ஐயந்தோற்று படலம் வருகிறது. கன்னியாகிய மனைவி கருவுற்றிருத்தலைக் கண்ட வளன் உள்ளம் கலங்குகிறார். இதற்கு மூலம் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலுள்ள சில வரிகளே. அங்கே சூசை மனைவியைப் பழிக்கு உள்ளாக்க விரும்பாமல் மறைவாக விலகிவிட எண்ணுகிறார். வானதூதர் கனவிலே தோன்றி உண்மையை உணர்த்துகிறார். அச்சில வரிகளை முனிவர் தனிப்படலமாக விரித்துள்ளார். ஐயம் நீங்குதலையும் தனியே விரித்துப் பாடியுள்ளார்.

கணவன் மனைவியை ஐயுறுதல் என்றவுடன் இராமகாதையின் இறுதிப்பகுதி நம் நினைவிற்கு வரும். அங்கே தலைவனின் கடுஞ்சொல் பலர் முன்னிலையில் வெளிப்படுகிறது. தலைவி தீயிற் புகுகிறாள். ஐயுறுபவன் அவதார புருடன், ஐயுறப்படுபவள் திருமகள். தேம்பாவணியிலோ ஐயுறுபவர் வெறும் மனிதர். அவருடைய ஐயம் வாய்விட்டு வெளிப்படாமல் நெஞ்சினுள்ளேயே வேகிறது. அதனால் எரிபவரும் அவர் ஒருவரே.

இவ்வொப்புமையினும் சிறந்த செய்தி ஒன்று உளது. வளனின் ஐயத்திற்குக் காரணம் யாது? கண்ணாற் கண்ட கருப்பம். இறைவன் கொண்ட உடல் வெறுந்தோற்றமாயின் தாயின் வயிற்றில் வளர வேண்டுவதில்லை, திங்கள்கள் கழியவேண்டுவதில்லை, கணவன் கலங்கவும் இடமில்லை. ஐயம் எழுந்தது என்பதே உடல் உண்மை என்பதற்குச் சான்று. கொள்கை நூல்கள் வாதத்தால் நிறுவுவதனை ஒரு கணவனின் உறங்காத இரவால் நிறுவிக்காட்டுதல் காப்பியத்திற்கே உரிய ஆற்றல். இந்நிகழ்ச்சியை இறைமகனின் நிலையில் நின்று பாட இயலாது. அவர் அறியாதது ஒன்றுமில்லை. மரியாளின் நிலையில் நின்றும் பாட இயலாது. அவர் முன்னரே அறிந்தவர். அறியாது நின்று, கண்டு, கலங்கி, பின்னர்த் தெளிபவர் ஒருவரே. அவரே வளன்.

சுமக்கப்படும் இறைவன்

ஏரோது மன்னனுக்கு அஞ்சிக் குழந்தையுடன் எகிப்திற்குச் செல்லும் பகுதி மற்றொரு சான்று. இதனைக் கண்ணன் கதையோடு ஒப்பிடாத தமிழர் இலர். இருவரும் கொடிய மன்னனுக்குத் தப்பி இரவிலே கொண்டு செல்லப்பட்ட குழந்தைகள். இருவர்க்கும் வளர்ப்புத் தந்தையர் உளர். ஆயின் கண்ணன் பிறந்த இரவிலே தளை அறுகிறது, யமுனை வழிவிடுகிறது, பின்னர்ப் பூதனை மாய்கிறாள், இறுதியிற் கஞ்சனும் அக்குழந்தை வளர்ந்த கையாலேயே மாய்கிறான். நற்செய்தியின் குழந்தையோ பகைவரை ஒன்றும் செய்யவில்லை. கனவிற் கட்டளை பெற்றவர் தந்தை. இரவில் எழுந்து நடந்தவர் தந்தை. ஏரோது தன் சாவாலேயே சாகிறான்.

கண்ணனின் பிள்ளைமையைப் பாடிய பெரியாழ்வார் யசோதையின் உள்ளத்தில் நின்று பாடினார். வீரமாமுனிவர் தந்தையின் தோளில் நின்று பாடினார். தாயன்பு குழந்தையின் அழகில் திளைக்கும். தந்தையின் கவலை வழியையும் உணவையும் உறைவிடத்தையும் நாடும். வலியற்ற குழந்தையாய் ஒருவன் கையை எதிர்நோக்கிக் கிடத்தல் என்பது ஊனாதலின் கடைசிப் படி. அப்படியைக் காட்டுதற்குச் சுமப்பவர் ஒருவர் தேவை. சுமந்தவரைத் தலைவராக்கின், சுமக்கப்பட்டவரின் எளிமை தானே விளங்கும்.

ஒரு தடை

இக்கருத்திற்குத் தடை ஒன்று எழுப்பலாம். தேம்பாவணியில் வானவர் வந்து வாழ்த்துதலும் இயற்கைப் பொருள்கள் பணிதலும் பலகாலும் வருகின்றன. இத்தகைய வியப்புகள் நிறைந்த நூலில் இறைவனின் எளிமை எங்ஙனம் நிலைபெறும் என வினவலாம். இத்தடை வலியுடையதே. காப்பிய மரபு பெருமையையே பாடப் பயின்றது. நாட்டுப் படலமும் நகரப் படலமும் சூதேய நாட்டைத் தமிழ்நாட்டு வளத்தால் நிறைத்துவிடுகின்றன. பெத்லகேமின் வறுமை அவ்வளத்தினிடையே சில இடங்களில் மங்கித் தோன்றுவதை மறுத்தற்கில்லை. சமயச் சொற்பொழிவுகள் மிகும் இடங்களிலும் கதையின் ஊனுடல் மெலிகிறது.

ஆயினும், இக்குறையே நம் கருத்தை ஒருவகையில் வலியுறுத்துகிறது. மரபின் இவ்விழுப்பு இத்துணை வன்மையுடையதாயின், இறைமகனையே தலைவராக்கிய காப்பியத்தில் மனிதத் தன்மை அறவே மறைந்திருக்கும். அதனைத் தடுத்து நிறுத்தும் கல்லணை வளன் என்னும் தலைவரே. வியப்புகள் மிகுந்த இடத்தும் அவற்றைக் காண்பவர் வியக்கத்தக்க மனிதர்; அவர் கண்வழியே நாமும் காண்கிறோம்.

முடிசூட்டு படலம்

வளன் இறப்பதோடு நூல் முடியவில்லை. இயேசுபெருமானின் உயிர்த்தெழுதலுக்குப் பின்னர், வளன் விண்ணில் முடிசூட்டப்பெறுதலோடு நூல் நிறைவுறுகிறது. இம்முடிசூட்டு படலத்தைக் கம்பனின் அமைப்பைப் பின்பற்றியதாகக் கொள்வாருண்டு. வடிவத்தளவில் அது பொருந்தும். பொருளளவிலோ பெரும் வேற்றுமை உண்டு. அங்கே முடிசூடுபவன் இறங்கிவந்த இறைவன். இங்கே முடிசூடுபவர் தச்சுத் தொழில் செய்த மனிதர்.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்து அத்தனாசியார், மனிதனை இறைநிலைக்கு உயர்த்துதற்கே இறைவன் மனிதனானான் என்று விளக்கினார். அவ்விளக்கத்தின்படி இறங்குதல் பாதியே. மனிதன் ஏறுதல் மற்றப் பாதி. அவதாரம் என்னும் சொல் முன்னதையே குறிப்பது. இறங்கியவரைத் தலைவராகக் கொண்டு பாடின், ஏறியவர் யார் என்பது காப்பியத்தில் விடையின்றி நின்றுவிடும். ஏறியவரைத் தலைவராகக் கொண்டமையின், நாட்டுப் படலந்தொட்டு முடிசூட்டு படலம் வரை நூல் ஒரே நோக்கில் செல்கிறது.

இதுகாறும் கூறியவற்றால், வளன் தலைவரானது பெயர்ப்பற்றாலும் முதனூலாலும் மட்டும் அன்று, பாடுபொருளின் தேவையால் என்பது பெறப்படும். கம்பனிடமிருந்து முனிவர் பெற்றது காப்பியத்தின் கட்டடம். அக்கட்டடத்தினுள் தலைவனின் இருக்கையை இடம் மாற்றி இட்டது அவர்தம் கொள்கை. தேம்பாவணியை உவமைகளுக்கும் வருணனைகளுக்கும் மட்டுமே கம்பராமாயணத்தோடு ஒப்பிட்டு, எதனை எங்கே பெற்றார் என எண்ணிப் பட்டியலிடும் முறை இவ்விடமாற்றத்தைக் காணாது. ஐயந்தோற்று படலத்தையும் முடிசூட்டு படலத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவர், அங்கே கலங்கிய மனிதரே இங்கே முடிசூடுகிறார் என்பதைக் காண்பர். அத்தொடர்ச்சியைக் கருத்திற்கொண்டு நூல் முழுவதையும் மீண்டும் ஆராய்தல் வேண்டும்.